பிலிமத்தலாவைக்குப் போன குத்துவிளக்கு

திருச்செல்வம் சிகரட்டை விட்ட கதையைக் கண்டி மாநகர சபையின் தண்ணீர்ப் பகுதியில் கேட்காதவர்கள் கிடையாது. மீட்டர் பார்க்கப் போன இடத்தில், அம்பிட்டிய ஏற்றத்தின் பாதி வழியில் மூச்சு முட்டி, யாரோ ஒருவர் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாராம். அன்று சாயந்தரம் குண்டசாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, தென்னக்கும்புர பாலத்தில் பஸ் ஏறியதும் சட்டைப் பையிலிருந்து சிகரட் பக்கெட்டை எடுத்தாராம். உள்ளே இன்னும் பன்னிரண்டு இருந்ததாம். லைட்டரையும் சேர்த்து ஜன்னல் வழியாக மகாவலி ஆற்றில் வீசினாராம். அதோடு சரி. இருபத்தாறு வருஷப் பழக்கம் ஒரு பாலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

புகையிலை எதிர்ப்பு தினம் என்று மே மாதக் கடைசியில் அலுவலகத்தில் கூட்டம் வைப்பார்கள். பேச ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, திருச்செல்வம் இருந்தார். சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்வார். முடிக்கும்போது நெஞ்சில் இரண்டு விரலால் தட்டி, "மனசு. அவ்வளவுதான். மருந்து மாத்திரை ஒன்னும் வேணாம்" என்பார். ஒரு வருஷம் சால்வை போர்த்தினார்கள். அந்தப் படத்தை ஜெயராணி சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டினாள். ஜெயராணி அவர் மனைவி. வீட்டுக்கு வருகிறவர்களை அந்தப் படத்துக்கு நேராகவே கதிரை போட்டு உட்கார வைப்பாள்.

பக்கெட்டை வீசியது உண்மை, அதைக் கண்ணால் பார்த்த ஆட்களும் இருந்தார்கள். 'அதோடு சரி' என்ற இடத்தில்தான் பொய் இருந்தது.

வீசிய நாலாம் நாளே திருச்செல்வத்துக்கு ஒன்றாவது இழுத்தே ஆக வேண்டும் போலிருந்தது. தண்ணீர்ப் பகுதியில் கேட்க முடியாது, குண்டசாலையில் வாங்க முடியாது, கண்டி டவுனில் எந்த மூலையில் நின்றாலும் மீட்டர்காரரைத் தெரிந்த ஒருவன் நிற்பான். கண்டி தாண்டி, கொழும்பு ரோட்டில் இருக்கும் பிலிமத்தலாவையில் அவரை யாருக்கும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கண்டியில் பஸ் மாறி, அந்தப் பக்கம் போக ஒரு காரணம் வேண்டுமே? வீட்டில் ஜெயராணி சீராகக் கொண்டுவந்த ஐந்து முகக் குத்துவிளக்கு இருந்தது. பிலிமத்தலாவையில் பித்தளைக் கடைகளுக்குக் குறைவில்லை. மினுக்கிக்கொண்டு வருகிறேன் என்று எடுத்துப் போனார்.

ஒரே தடவையில் மினுக்கிவிட்டால் மறு வாரத்துக்கு என்ன செய்வது? அதனால் விளக்கைக் கழற்றி, ஒரு வாரம் அடிப்பாகம், அடுத்த வாரம் தண்டு, அதற்கடுத்த வாரம் மேல்தட்டு என்று கொண்டுபோனார்.

"ஏங்க, முழுசா ஒரே தடவையா குடுத்தா என்ன?" என்று ஜெயராணி கேட்டாள்.

"நீ சும்மா இரு. மொத்தமா குடுத்தா அவனுக அரையும் குறையுமா தேய்ச்சுத் தருவானுக. துண்டு துண்டா குடுத்தாத்தான் கவனம் இருக்கும்."

பித்தளைக் கடைக்குப் பின்னால் ஃபாஸில் என்பவரின் தேநீர்க் கடை. "வாங்க, இண்டெக்கும் வெளக்கு வந்தீக்கி போல" என்று சிரித்தபடி ஒரு பிளேன்டீயையும் ஒரு சிகரட்டையும் எடுத்து வைப்பார் அவர். திருச்செல்வம் சுவரோரம் திரும்பி நின்று இழுப்பார். பிறகு சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, நாலு கராம்பை வாயில் போட்டு மென்றுகொண்டே பஸ் ஏறுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமை வந்தால், ஜெயராணி வீட்டு விளக்கு மாதிரி மினுங்கும் விளக்கு ஊரிலேயே இல்லை என்பார்கள்.

பதினொரு மாதம் இப்படிப் போனது. நடுவே மூன்று வாரம் தாக்குப்பிடித்து, நாலாவது வாரம் ஒரே நாளில் மூன்று இழுத்ததும் உண்டு. கடைசியில் ஒரு ஞாயிறு, போகும் வழியில் பேராதனையில் பஸ் மழையில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நகரவில்லை. அலுத்துப்போய் இறங்கி, எதிர்ப் பக்க பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு போகத் தோன்றவில்லை. அதற்கடுத்த ஞாயிறு தோன்றியது, போகவில்லை. அப்படியே விட்டுப்போனது. அதற்குப் பெயர் மனஉறுதியா, அலுப்பா, மழையா என்று அவருக்கே தெரியாது. மே மாதக் கூட்டத்தில் சொல்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை.

ஜெயராணியின் தம்பி தினேஸ் குண்டசாலைச் சந்தியில் ஆட்டோ ஓட்டினான். வாய்க்காரன். ஆட்டோவில் ஏறியவர்கள் இறங்க மனமில்லாமல் இருந்து கதை கேட்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கெட் இழுத்தான். "மச்சான், உனக்குப் பின்னாடி சைலன்சர் ஒன்னு, முன்னாடி ஒன்னு" என்பார் திருச்செல்வம். அவனும் சிரித்துவிட்டுப் போவான்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவனும் விடப் பார்த்தான். ஆட்டோவுக்குள் டொஃபித் தாள் குவிந்தது. ஒரு தடவை நாலு நாள், ஒரு தடவை ஒரு வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தபோது அவன் முகமே சரியில்லை. ஜெயராணி தேநீர் போடக் குசினிக்குள் போனதும், கதிரையை இழுத்து அத்தானுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

"பத்தொன்பது நாள் அத்தான். இன்னைக்குக் காலையில போச்சு."

"என்ன போச்சு?"

"எவனோ சீட்ல பக்கெட்ட விட்டுட்டு எறங்கிட்டான். உள்ள மூணு. அவன் பின்னாடியே கூப்பிட்டுக்கிட்டு ஓடுனேன், சத்தியமா ஓடுனேன். ஆள் பஸ் ஏறிட்டான். திரும்பி வந்து மூணையும் இழுத்துட்டேன்."

திருச்செல்வத்துக்குச் சிரிப்பு வந்தது. அந்த மூன்றையும் அவருக்குத் தெரியும். ஃபாஸில் கடைச் சுவரோரம் அவரே நின்று இழுத்த மூன்று.

தினேஸ் குரலைத் தாழ்த்தினான். "அத்தான், ஒன்னு கேக்கிறேன், உண்மையச் சொல்லுங்க. பாலத்துல வீசினதுக்குப் பொறகு நீங்க ஒரு தடவை கூடவா தொடல?"

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். அதற்குள் ஜெயராணி தேநீர்த் தட்டோடு நிலைப்படியில் வந்து நின்றாள். அவள் தலைக்கு மேலே சால்வையோடு அவருடைய படம். தினேசுக்கு ஒரு வார்த்தை சொன்னால் அது தினேசோடு நிற்காது. விளக்கும் வெளியே வரும், பதினொரு மாத ஞாயிற்றுக்கிழமைகளும் வரும்.

"ஒரு தடவை கூட இல்ல" என்றார். சொன்ன பொய் பலமில்லாமல் நிற்பதுபோல் தோன்றியதால் முட்டுக் கொடுக்க இன்னொன்றும் சொன்னார். "அதுக்கெல்லாம் மனசு வேணும்டா. உனக்கு அது எங்க இருக்குது?"

"நல்லாக் கேளுங்க" என்றாள் ஜெயராணி. "கண்ணு முன்னாடி ஒரு மனுஷன் செஞ்சு காட்டியிருக்காரு. பாத்துப் படிச்சுக்கடா."

தினேஸ் தேநீரைக் குடித்து முடித்தான். "எல்லாருக்கும் ஒரே அச்சுலயா அக்கா மனசு செஞ்சு வச்சிருக்கு?" என்று பகிடி விட்டுவிட்டுத்தான் எழுந்து போனான். அன்றைக்குப் பிறகு சிகரட்டைப் பற்றி அத்தானிடம் அவன் பேசவில்லை.

அடுத்து வந்த பொங்கலன்று எல்லோர் முன்னாலும் அறிவித்தான். விட்டுவிட்டானாம், மூன்று மாதமாகிறதாம். ஜெயராணி அழுதேவிட்டாள். தினேசின் மனைவி டிலானி வாய்க்குள் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். திருச்செல்வம் எழுந்துபோய் மச்சானைக் கட்டிப்பிடித்தார்.

கட்டிப்பிடித்த அந்த நொடியில் கராம்பு வாசம் அடித்தது.

அந்த வாசத்தைத் தெரியாதவரா அவர்? கையை முகர்ந்து பார்த்திருந்தால் சவர்க்கார வாசமும் இருந்திருக்கும். இருந்தும் கையை எடுத்துவிட்டு, "சபாஷ்டா, நம்ம வீட்டு ஆளுன்னு காட்டிட்டே" என்றார். 'ஏன்டா கராம்பு?' என்று கேட்டால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார். வருஷம் தவறாமல் மே மாதம் பேசினார். இரண்டு தடவை, "என் மச்சானும் என்னைப் பாத்துத்தான் விட்டான்" என்று சேர்த்துக்கொண்டார். அதற்கும் கை தட்டினார்கள்.

தினேசுக்கு இருமல் வந்தது. ரோட்டுத் தூசி என்றான். குளிர்காற்று என்றான். "கிளினிக்குக்குப் போங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு அண்ணே. போனா முதல் கேள்வியே அதுதானாம். அக்கா காதுக்குப் போயிடுமாம்" என்று டிலானி ஒரு நாள் திருச்செல்வத்திடம் சொன்னாள். எது அக்கா காதுக்குப் போய்விடும் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "நான் பேசிப் பாக்கிறேன்" என்றார். பேசிப் பார்க்கவில்லை.

சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டில் டொக்டர் கேட்டபோது ஜெயராணி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். "சிகரட்டா? ஆறு வருஷத்துக்கு முந்தியே விட்டாச்சு டொக்டர்" என்றான் தினேஸ். டொக்டர் அவனுடைய மஞ்சளேறிய இரண்டு விரலையும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். ஜெயராணி விரலைப் பார்க்கவில்லை. திருச்செல்வம் பார்த்தார்.

நெஞ்சுக்குள் கட்டி. வெட்டி எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது என்றார்கள். மருந்து ஏற்றி ஏற்றி, சித்திரை வந்தபோது தினேஸ் பாதி ஆளாகியிருந்தான். ஆட்டோ வீட்டு வாசலில் படங்கு போர்த்தி நின்றது.

இந்த வருஷ மே மாதக் கூட்டத்துக்கு அலுவலகத்தில் வழக்கம்போலச் சொல்லி அனுப்பினார்கள். ஓய்வு பெறப் போகிறவர், கடைசித் தடவை பேச வேண்டும் என்றார்கள். திருச்செல்வம் தலையாட்டிவிட்டு, அன்று மத்தியானமே அரைநாள் லீவு போட்டு தினேஸ் வீட்டுக்குப் போனார். டிலானி பிள்ளைகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். தினேஸ் ஜன்னலோரம் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன அத்தான், வேலை நேரத்துல? மாநகர சபையில தண்ணி நின்னுபோச்சா?"

திருச்செல்வம் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தார். கொண்டுவந்த தோடம்பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். "அன்னைக்கு நீ ஒன்னு கேட்ட. பாலத்துக்குப் பொறகு தொட்டேனான்னு" என்று ஆரம்பித்தார். பிறகு நிறுத்தவில்லை. பித்தளைக் கடை, ஃபாஸில், சவர்க்காரம், கராம்பு, எல்லாவற்றையும் சொன்னார். விளக்கைத் துண்டு துண்டாகக் கொண்டுபோன இடம் வந்ததும் தினேசுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது. திருச்செல்வம் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். சட்டைக்குள் எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது.

"அடிப்பாகம் ஒரு வாரம், தண்டு ஒரு வாரமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா விளக்காலேயே போடுவா." ஜன்னல் வழியாக ஆட்டோவைப் பார்த்தான். "மொத்தம் எத்தனை தடவை விழுந்தீங்க?"

"எண்ணினதில்ல மச்சான். முப்பது இருக்கும். நாப்பதும் இருக்கும்."

தினேஸ் அவரை முழுசாகத் திரும்பிப் பார்த்தான்.

"நான் ஏழு தடவைதான் அத்தான்" என்றான். "ஏழு தடவை விழுந்தேன். நாம இதுக்கெல்லாம் ஆள் கிடையாதுன்னு முயற்சி பண்றதையே விட்டுட்டேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் திருச்செல்வம் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லியிருப்பார். தோடம்பழம் ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினார். அவன் வேண்டாமென்று தலையசைத்தான். உரித்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு, டிலானி வரும்வரை உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஜெயராணி சாமித் தட்டுக்கு முன்னால் திரியைத் திரித்துக்கொண்டிருந்தாள். "டிலானி கோல் எடுத்தா. நீங்க அங்க போயிருந்தீங்களாமே. அவன் சிரிச்ச சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டுச்சாம், பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்களாம். என்ன அப்படிச் சொன்னீங்க?"

"விளக்கப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

"விளக்கா?" அவள் குத்துவிளக்கைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அது கறுத்து, தட்டின் விளிம்பில் பச்சை படிந்திருந்தது. "நல்லா ஞாபகப்படுத்தினீங்க. இது கிடக்கிற கிடையப் பாருங்க. தம்பிக்கு நேர்த்தி வச்சிருக்கேன், வெள்ளிக்கிழமை அஞ்சு முகமும் ஏத்தணும். ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேணாம், நாளைக்கே ஒருக்கா பிலிமத்தலாவைக்குக் கொண்டுபோய் மினுக்கிட்டு வாங்களேன். இந்தத் தடவை முழுசாவே கொண்டு போங்க."

திருச்செல்வம் சட்டையைக் கழற்றப் போன கையை நிறுத்தினார். முன்னறைக்குப் போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து, அவளுக்கு எதிரே போட்டார்.

"திரிய வச்சிட்டு, இதுல ஒருக்கா உக்காரு ஜெயராணி" என்றார்.