லிஸ்பன் படிக்கட்டுல கேட்ட தமிழ்

இந்த மாதிரி கதை யாராவது ஆரம்பிச்சா, வேற வேலை இல்லையான்னு கேட்டுட்டு எழுந்து போறவ நான். எங்க ஊரு செங்ல, நான் வேலை பார்க்குற ஃபேக்டரி டாய்லெட்ல பேய் இருக்குன்னாங்க, பைப்புல தண்ணி வரல, மொதல்ல அதைச் சொல்லுங்கன்னேன். நீங்களும் சிரிக்கலாம், பரவாயில்ல.

போன வருஷம் நானும் வீட்டுக்காரரும் டூர் குரூப்போட போர்த்துகல் போனோம். லிஸ்பன் ரொம்பப் பழைய ஊரு, திரும்புன பக்கமெல்லாம் மேடும் படிக்கட்டும்தான். இவரு பசியாறுன கையோட குரூப்ப விட்டுட்டு, ஷார்ட்கட்னு என்னை ஒரு சந்துக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டாரு. யார்கிட்டயும் வழி கேட்கமாட்டாரு, போனைத்தான் நம்புவாரு, அது என்னடான்னா வந்த எடத்துக்கே திரும்பத் திரும்பக் கொண்டாந்து விடுது. நான் கத்துறேன், காதுலயே வாங்கல. கடைசியில ஒரு பெரிய படிக்கட்டக் காட்டி ஏறுங்கறாரு.

பக்கத்து வீட்டு மாடி ஜன்னல்ல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு துணி காயப்போட்டுக்கிட்டு இருந்துச்சு. கீழ குனிஞ்சு, அப்படியே நம்ம ஊரு தமிழ்ல, "அக்கா, அவர ஏற விடாதீங்க லா. நெஞ்சு வலிக்குது, சொல்லமாட்டாரு"ன்னுச்சு.

நம்பினா நம்புங்க. திரும்பிப் பார்த்தா இவரு சட்டையெல்லாம் வேர்வை, உதடு வெளுத்துப் போச்சு. வலிக்குதான்னா, காலையிலேருந்துங்கறாரு! டூர் கெட்டுடும்னு மறைச்சிருக்காரு மனுஷன். திட்டிக்கிட்டே உட்கார வச்சேன், சந்துல இருந்த ஒரு கடைக்காரர் ஓடியாந்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டாரு. நிமிர்ந்து பார்த்தப்ப ஜன்னல் சாத்தியிருந்துச்சு. ரத்தக்குழாய்ல அடைப்பு, அந்தப் படி ஏறியிருந்தா பிழைச்சிருக்கமாட்டாருன்னு டாக்டர் சொன்னாரு.

வார்டுல இவருகிட்ட, அந்தப் பொண்ணு பேசுனது உங்களுக்கும் கேட்டுச்சான்னு கேட்டேன். இல்லன்னு சொல்லியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.

"கேட்டுச்சு. ஆனா என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல. உன்னைப் பத்திதான் சொன்னுச்சு"ன்னாரு.

என்ன சொன்னுச்சுன்னு அன்னையிலேருந்து கேட்குறேன். சண்டை போட்டாச்சு, அழுதாச்சு, சமைக்காமக்கூட இருந்து பார்த்தாச்சு. வாயத் தொறக்கமாட்டேங்கறாரு. என் தங்கச்சி வீடு தஞ்சோங் கிளிங்ல, கடலோரமாவே போகணும். எத்தனையோ வருஷமா அந்தக் கடலோர ரோட்டுல நானே கார் ஓட்டிட்டுப் போய் வர்றவ. இப்ப அங்க கெளம்புனா மட்டும் சாவிய ஒளிச்சு வச்சிடுறாரு.