ஒற்றைத் தோள் ஸ்டெப்பும் நானும்

ஹிந்தி சினிமாவில் டான்ஸ் அசிஸ்டென்ட் என்றால், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உயிரைக் கொடுத்து ஆடுவது. கேமரா மட்டும் நம் பக்கம் திரும்பவே திரும்பாது. ராப்பகலாக உழைத்து முடித்த வேலையில் மேலதிகாரியின் பெயரைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களே, வாருங்கள், நீங்களும் நம்ம கட்சிதான்.

முட்டி போச்சு

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு பாட்டு எடுக்க பம்பாய் யூனிட் பெங்களூருக்கு வந்திருந்தது. எங்கள் டான்ஸ் மாஸ்டர்ஜிக்கு டைபாய்டு. "நீயே பண்ணு, டைட்டிலில் உன் பேர் வரும்" என்று போனில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். அதே பெங்களூரில், லிங்கராஜபுரத்தில் இருக்கும் என் அம்மா, சர்ச் விட்டு வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்லியாகிவிட்டது.

காலையில் பார்த்தால், ஹீரோ முட்டியில் கட்டோடு வந்து இறங்குகிறார்! நான் யோசித்து வைத்ததெல்லாம் குதிக்கிற ஸ்டெப். ஷூட்டிங் நடக்கிற தோட்டத்துக்கு பர்மிஷனோ அன்று ஒரு நாள்தான். புரொடக்‌ஷன் மேனேஜர் நம்மூர்த் தமிழர், மனிதர் அசரவே இல்லை.

"முட்டி போனா இன்னாம்மா? தோளு நல்லாத்தான கீது. அத்த ஆட்டு."

ஒன் மோர்

ஆட்டினேன். ஒற்றைத் தோளைத் தூக்கி இறக்கி, தலையை ஒரு வெட்டு வெட்டி, முழுப் பாட்டையும் ஒப்பேற்றினேன். தோளைத் தூக்கும்போதெல்லாம் பாரம் முட்டியில் இறங்கி, ஹீரோவின் முகம் வலியில் கோணிக்கொண்டது. எனக்குப் பதறியது. ஸ்டெப்பே கெட்டுப்போகிறதே! "ஒன் மோர்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு ஹிந்தியில் கெஞ்சினார்.

"இன்னொரு டேக் கேட்டீங்கன்னா இங்கேயே உட்கார்ந்து அழுதுடுவேன் மேடம்."

டைட்டில்

படம் வந்தது. அம்மா பாதித் தெருவையே தியேட்டருக்குக் கூட்டி வந்துவிட்டாள். டைட்டிலில் 'நடனம்' என்று வந்தது. கீழே மாஸ்டர்ஜி பெயர். மாஸ்டர்ஜி பெயர் மட்டும்! பின்னால் வரும், பின்னால் வரும் என்று கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்டி கண்ண சிமிட்டிட்டேன் போல. நாளைக்கு இன்னொரு வாட்டி வந்து பாப்போம்."

எலும்பு டாக்டர்

பாட்டு தீயாகப் பற்றிக்கொண்டது. பள்ளிக்கூடம், கல்யாணம், கணேஷா ஊர்வலம், எங்கே பார்த்தாலும் ஒற்றைத் தோள். அம்மாவின் முதுகுவலிக்கு டாக்டரிடம் போனால், வராந்தா முழுக்க தோளைப் பிடித்துக்கொண்டு காலேஜ் பையன்கள். உள்ளே போனதும் அம்மா பெருமையாக, "டாக்டர், இந்த ஸ்டெப்பு..." என்று ஆரம்பித்தாள். டாக்டர் முடிக்க விடவில்லை. முதல் தடவையாக, டைட்டிலில் பெயர் வராதது நிம்மதியாக இருந்தது.

"எவன்மா இதைக் கண்டுபிடிச்சது? அவன் மட்டும் என் கையில சிக்கட்டும்!"

ஆறுதல் பரிசு

சர்ச் திருவிழாவில் டான்ஸ் போட்டி. தெருப் பெண்கள் என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். அதே பாட்டு. வீம்பாகத்தான் ஆடினேன், நான் அமைத்தபடியே, சுத்தமாக. கிடைத்தது ஆறுதல் பரிசு. ஈஜிபுராவில் டான்ஸ் கிளாஸ் நடத்துகிறவர்தான் ஜட்ஜ். ஓடிப்போய்க் காரணம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

"தோளு சூப்பர்க்கா. ஆனா ஒரிஜினல்ல மூஞ்சிய வலிக்கிற மாதிரி சுளிக்கணும். அதுதான்க்கா அந்த ஸ்டெப்போட உசுரே."

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்தேன்; சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சுளிப்பு எனக்கு ஒரே டேக்கில் வந்துவிட்டது.