ஒற்றை டம்பெல் கேட்டவர்

வீட்டில் வைத்துக்கொள்ளும் ஜிம் சாமான் வருஷத்தில் இரண்டே சமயம்தான் நன்றாக விற்கும்: ஜனவரி முதல் வாரம், அப்புறம் அவரவர் டாக்டர் திட்டின மறுநாள்.

தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெரு. அதில் பல் ஆஸ்பத்திரிக்கும் பேக்கரிக்கும் நடுவில் இருக்கிற கடையில் நான் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். காலேஜில் பளு தூக்கியிருக்கிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. "சார் யாரும் இல்லையாம்மா?" என்பதுதான் உள்ளே நுழைகிறவர்களின் முதல் கேள்வி. "இல்லீங்க, நான்தான் சார்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. என்னோடு இருப்பவர் பஷீர் பாய். சாமானை வீடுகளுக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது அவர் வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, சிரிக்கவும் கூடாது, கோபப்படவும் கூடாது என்று சம்பளம் வாங்குகிற என் இனத்தவரே, நீங்களாவது கேளுங்கள். நம் கஷ்டம் வேறு யாருக்குப் புரியப்போகிறது?

கன்னி மூலை

உறையூரிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல வாட்டசாட்டம். "இருக்கிறதிலேயே கனமான பிளேட் எதும்மா?" என்றார். பாரில் மாட்டுகிற இரும்பு வட்டுகளைத்தான் பிளேட் என்போம். முன்னே பின்னே தூக்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் சின்னதில் ஆரம்பிக்கலாமே, முதுகு பிடித்துக்கொள்ளப் போகிறது என்று என் வழக்கமான பாட்டைப் பாடினேன். மனுஷனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. சின்னது வேண்டவே வேண்டாம், அடியிலிருந்து மேல்வரை அடுக்குகிற மாதிரி பெரிதாகக் கொடு என்றார்.

பிறகுதான் விஷயம் வந்தது. புது வீடு. வாஸ்து பார்த்தவர் தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில், கனம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டாராம். பீரோவை நகர்த்தினார்களாம், ஆட்டுக்கல்லைக் கொண்டுபோய் வைத்தார்களாம், அப்பவும் பத்தவில்லையாம். இரும்பு என்றால் சின்ன இடத்தில் நிறையக் கனம் அடங்கும் என்று அவரே யோசித்து வந்திருக்கிறார். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். பில் போடும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு பாரும் வாங்கிக்குங்க சார், வீட்ல பசங்க தூக்கிப் பழகலாம்" என்றேன். பதறிவிட்டார். "ஐயையோ, யாரும் தூக்கக் கூடாதும்மா! தூக்குற நேரத்துல மூலை காலியாயிடுமே!"

ஒற்றை டம்பெல்

சம்பத் ஸ்ரீரங்கத்துக்காரர். நாற்பதுக்கு இந்தப் பக்கம். நெற்றியில் திருமண், தோளில் லேப்டாப் பை, அதுவும் இடது தோளில். பகலில் கம்ப்யூட்டர் வேலை. உற்சவ நாட்களில் பெருமாளைத் தோளில் சுமந்து வீதி சுற்றி வருகிற குடும்பம். 'ஏளப்பண்ணுவது' என்பார்கள். காவிரிப் பாலத்தில் பைக் சறுக்கி, வலது தோளில் தசைநார் கிழிந்து, ஆபரேஷன் ஆகியிருந்தது. இனி வீட்டிலேயே லேசாக எடை பழகலாம் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். டாக்டர் அங்கே சொன்ன 'லேசாக' என்ற வார்த்தை இங்கே எனக்கே கேட்டது, அவருக்குத்தான் கேட்கவில்லை. நேராகப் போய் இருபது கிலோ பாரை எடுத்து, வலது தோளில் வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, ஒரு பக்கமாக அசைந்து அசைந்து கடைக்குள் நடக்க ஆரம்பித்தார். மற்ற கஸ்டமர்கள் தங்களையறியாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். பாரின் பின்நுனி கண்ணாடியில் இடிக்க இருந்தது. "சார், இறக்குங்க! இறக்குங்க!" என்று கத்தினேன். பஷீர் பாய் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். சம்பத்துக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "வெறும் கம்பியையே தாங்கலையே" என்றார் மெதுவாக.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "தை உற்சவத்துக்குள்ள நான் திரும்பலேன்னா என் எடத்துல வேற ஆளைப் போட்டுப் பழக்கிடுவா" என்றார். பெருமாளை ஏளப்பண்ணுகிற நீளக் கட்டைக்குத் தண்டு என்று பேர்; அதைச் சுமப்பவர்கள் உயரம் பார்த்து, நடை பார்த்து ஜோடி சேர்த்தவர்கள். ஒருமுறை ஜோடி மாறினால் மாறினதுதான். இரண்டு கிலோ டம்பெல் ஒரு ஜோடியும் இழுத்துப் பழகுகிற ரப்பர் பட்டையும் ஒரு சின்ன பெஞ்சும் எடுத்து வைத்தேன். ஒரு டம்பெல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இருக்கறதே தெரியலையே" என்றார். தெரியாமல் இருப்பதுதான் இப்போதைக்கு நல்லது என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டு, ஒன்றை மட்டும் பையில் போட்டுக்கொண்டு மற்றதை என்னிடமே திருப்பித் தந்தார். ஜோடியாகத்தான் விற்போம், இரண்டு பக்கமும் சமமாகப் பழகினால்தான் உடம்புக்கு நல்லது, பிசியோதெரபிஸ்டும் அதைத்தானே சொல்லியிருப்பார் என்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டார், பணமும் முழுசாகக் கொடுத்தார். இடதுகை டம்பெல் மட்டும் கவுண்டரிலேயே இருந்தது. "எடது தோளுக்கு என்ன வேலை சொல்லுங்கோ? பெருமாள் எனக்கு வலது தோள்லதான் ஏளறார்."

ஊஞ்சல் கொக்கி

பெஞ்சையும் பட்டையையும் கொடுக்க ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் சம்பத் வீட்டுக்குப் பாயோடு நானும் போனேன். ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கிற வீடு. வாசலில் நின்றால் கொல்லை தெரியும், குறுக்கே கையை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கும். ரப்பர் பட்டையை எங்கே மாட்டுவது? சுவரைத் தட்டிப் பார்த்த பஷீர் பாய், "இதுல ஆணி அடிச்சா அடுத்த வீட்டு சாமி ரூமுக்குப் போயிரும்" என்றார். சம்பத்தின் மனைவி மைதிலி ஸ்கூல் டீச்சர். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஹாலில் இருந்த ஊஞ்சல் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டார். அந்தக் கொக்கியில் பட்டை ஜம்மென்று உட்கார்ந்தது.

உள்ளே சம்பத்தும் பாயும் பட்டையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்க, மைதிலி எனக்குக் காபி கொடுத்தார். ஊஞ்சல் போய்விட்டதே, பரவாயில்லையா என்று உபசாரத்துக்குக் கேட்டு வைத்தேன். அந்த அம்மா உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊஞ்சல் கிடக்கு, விடுங்கோ. பொறப்பாடு வர அன்னிக்கெல்லாம் வாசக்கதவைச் சாத்திடறார். பெருமாள் எங்காத்து வாசலைத் தாண்டிப் போறார், இவர் கொல்லைல போய் நின்னுக்கறார்."

சுழி

மணப்பாறையிலிருந்து ஒரு மாட்டுத் தரகர் மகனோடு வந்தார். பையனுக்கு மல்ட்டி ஜிம் வேண்டும். ஒரே சட்டத்தில் நாலைந்து பயிற்சி செய்கிற பெரிய மெஷின். தரகர் அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். குனிந்து நான்கு காலையும் பார்த்தார். ஒரு கேபிளை இழுத்து விட்டுவிட்டு, அது எப்படி நிற்கிறது என்று தலையைச் சாய்த்துக் கவனித்தார். பையன் பேக்கரி வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

திருப்தியானதும் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டு என் பக்கம் நீட்டினார். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தானே விலை பேசுவார்கள், அந்தப் பழக்கம். எதிரே நிற்பது பொம்பளை என்று பாதியில் உறைத்து, அப்படியே கையைத் திருப்பிப் பஷீர் பாயிடம் நீட்டினார். பாய் மாட்டுச் சந்தைப் பக்கமே போகாதவர். ஆனாலும் மரியாதைக்கு மரியாதை என்று துண்டுக்குள் கையை விட்டு, ரொம்ப யோசனையோடு தலையை ஆட்டினார். எந்த விலைக்குத் தலையாட்டினார் என்று இன்றைக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் இருக்கிற விலைதான் ஐயா என்று நான் சொல்ல, "பாய் முடிச்சுக் கொடுத்தாரேம்மா" என்று தரகர் சொல்ல, ஒருவழியாகச் சமாதானமாகி வாங்கினார். வண்டியில் ஏற்றும்போதுகூட, ராசி சொல்லும் மயிர்ச்சுழியை மாட்டின் உடம்பில் தேடுகிற மாதிரி, அதை ஒரு சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரிதாம்மா, சுழி பாக்கத்தான் வழியில்ல. ராசியில்லேன்னா திருப்பி ஓட்டிட்டு வந்துருவேன்."

கீழ் வீட்டு அம்மா

கனமான ரப்பர் மேட் கேட்டு ஒரு அம்மா வந்தார். இருப்பதிலேயே தடியானது வேண்டுமாம். அறையின் நீளம், அகலம் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். வீட்டில் யார் எடை தூக்குகிறார்கள் என்று கேட்டேன். தங்கள் வீட்டில் யாருமில்லை, மேல் வீட்டுக்காரர் என்றார். அவர் அறையின் அளவு இவருக்கு எப்படித் தெரியும்? அதற்கு நேர் கீழேதானே இவருடைய ஹால்! பரிசுப் பொருள் மாதிரி பேப்பர் சுற்றித் தரச் சொன்னார். "அவர் தூக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லாத் தூக்கட்டும். இறக்கறதுதான்."

ஒரு விரற்கடை

சம்பத் விடவில்லை. மூன்று கிலோ, ஐந்து கிலோ, எட்டு கிலோ என்று ஏறிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் ஜோடியாக வாங்கி, ஒன்றை விட்டுவிட்டுப் போவார். கவுண்டருக்கு அடியில் அவருடைய இடதுகை டம்பெல்கள் ஒரு குடும்பமே சேர்ந்துவிட்டது. கூட்டும்போதெல்லாம் என் காலில் இடிக்கும். ஒருநாள் அதே இருபது கிலோ பாரை எடுத்தார். நான் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டேன். வலது தோளில் வைத்து, கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அசைந்து நடந்து, நிதானமாக இறக்கினார். வேர்க்கவில்லை. பஷீர் பாய் "மாஷா அல்லாஹ்!" என்றார். எனக்கானால் நானே மெடல் வாங்கின மாதிரி சந்தோஷம்.

உற்சவத்துக்குச் சில நாள் முன்பு நரசிம்மன் என்று ஒருவர் வந்தார். தண்டில் சம்பத்துக்கு ஜோடி. வெறும் தண்டை வைத்து ஒத்திகை பார்த்தார்களாம். தண்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம். ஏன் என்று பார்த்தால், மாதக்கணக்காக ஒரே தோளைப் பழக்கியதில் சம்பத்தின் வலது தோள் ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது. தண்டு சாய்ந்தால் மேலே பெருமாள் சாய்வார். அது நடக்காது. வேறு ஆள் போடலாமா என்று பேச்சு வந்துவிட்டதாம், சம்பத் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாராம். படித்துப் படித்துச் சொன்னேனே, இரண்டு பக்கமும் பழகு, இரண்டு பக்கமும் பழகு என்று! சொல்லி என்ன, டம்பெல்லைக் கொடுத்த கை என் கைதானே. நரசிம்மன் கடை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சிரிக்காமல் கேட்டார்: "அவன் தோளை ஒரு விரக்கடை கொறைக்கறதுக்கு ஏதாவது மெஷின் வெச்சிருக்கேளா?"

புறப்பாடு

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. போன் பண்ணிக் கேட்கவும் பயம். புறப்பாட்டன்று மாலை கடையைப் பாயிடம் விட்டுவிட்டு பஸ் பிடித்து உத்திர வீதிக்குப் போனேன். நாகஸ்வரம் வந்தது, தீவட்டி வந்தது, குடை தெரிந்தது. எல்லாரும் கையைக் குவித்து மேலே பார்த்தார்கள். நான் கீழே பார்த்தேன். தண்டுக்கு அடியில் ஒவ்வொரு தோளாகப் பார்த்தேன். எல்லார் தோளிலும் துணியை மடித்துத் தண்டுக்கு அண்டை கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு தோளில் மட்டும் துணி இல்லை. சம்பத்! மற்றவர்கள் துணியால் ஒரு விரற்கடை ஏறியிருந்தார்கள். இவர் வெறும் தோளில், ஆபரேஷன் தழும்புக்குப் பக்கத்திலேயே, தண்டைத் தாங்கியிருந்தார். தண்டு இம்மியும் சாயவில்லை. அந்த நீள வீட்டின் வாசலுக்கு வந்ததும் எட்டிப் பார்த்தேன். கதவு இரண்டும் திறந்திருந்தன. மைதிலி தட்டோடு நின்றார். நான் அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்த மாமி அதைப் பக்தி என்று நினைத்து, என்னை முன்னால் நகர்த்திவிட்டார்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே சம்பத் நின்றார். இடதுகை டம்பெல்களை எடுத்துப்போக வந்திருந்தார். கழுத்தோரம் சட்டைக்கு மேலே செக்கச்செவேல் என்று ஒரு பட்டை தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அறுத்துத் தைத்த தோள், வெறும் தோளில் இப்படியா, வலிக்கவில்லையா என்று சத்தம் போட்டேன். டம்பெல்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "வலிக்காம என்ன? ஆனா துணி இல்லாததும் நல்லதாப் போச்சு. இருக்கார்னு நன்னாத் தெரிஞ்சுது."

இந்தக் கடைக்கு எத்தனையோ பேர் வந்து போகிறார்கள்: எதைத் தூக்கப்போகிறோம் என்று தெரிந்து வந்தவர் ஒருவர், எதையும் தூக்கப்போவதில்லை என்று தெரிந்து வந்தவர் ஒருவர், மற்றவர்கள் எல்லாரும் ஜனவரியில் வந்தவர்கள்.