மூன்று என்று எழுதிய எட்டு

பிராண்டே என்ற வெளிநாட்டு ஊரில் காற்றாலை இறக்கைகள் செய்த என் சித்தப்பா பாலேந்திராவுக்குத் தோலில் அரிதான நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. நோயெதிர்ப்புச் செல்களைக் குறிவைக்கும் புதிய மாத்திரையின் பரிசோதனையில் சேர்ந்தார். அரிப்புக்குத் தினமும் பத்துக்குள் ஓர் எண் இடவேண்டும். அதையும் பார்த்தே மருந்தின் அளவைத் தீர்மானிப்பார்கள். குறிப்பேட்டை நான் எழுதினேன்.

“இண்டைக்கு எப்படி, சித்தப்பா?”

“பரவாயில்லை. மூண்டு போடு மோனை.”

“சொறிஞ்சு சட்டையில ரத்தமெல்லோ கிடக்குது?”

“அந்த நேர்ஸ் பிள்ளை ஆசையாய்க் கேக்குது. எட்டெண்டு சொன்னால் முகம் வாடிப்போகும்.”

சிரித்துவிட்டு அன்றும் பிறகும் மூன்றென்றே எழுதினேன். அரிப்புக் குறைந்ததென நம்பிய மருத்துவர் அளவைக் கூட்டவில்லை. நான்காம் மாதம் கட்டிகள் பரவ, மாத்திரை நிறுத்தப்பட்டது. தையில் சித்தப்பா காலமானார். கூட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பிறப்பு இறப்புகளைக் குறித்துவரும் குடும்பப் பதிவேட்டில், அவருக்கான பக்கத்தில், அரிப்பு எட்டென்று இன்று எழுதிவைக்கிறேன்.