வெளிச்சம் போதாத இடத்தில் அப்பா

வண்டிப்பெரியாரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேரின் கல்யாண ஆல்பம் என் கையால் ஆனது. முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் நின்று சிரிக்கும் டூரிஸ்ட்டுகளையும் நான்தான் எடுக்கிறேன். எங்கள் வீட்டில் மட்டும் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே கல்யாணப் படம், எஸ்டேட் லயத்து வீட்டின் தகரக் கூரை ஒழுகி ஒரு மழைக்காலத்தில் ஊறிப்போனது. அப்பா சாகும்போது எனக்கு மூன்று வயது, தங்கச்சி அம்மா வயிற்றில். அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டி வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணமேடை ஏறுமுன் அப்பா படத்தின் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். "நான் வெறும் செவுத்தயாண்ணே கும்பிட?" என்று ஒரு நாள் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

பீர்மேட்டுப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஃபாக்டரியை அப்போதுதான் மியூசியமாக்கித் திறந்திருந்தார்கள். அப்பா வேலை பார்த்த ஃபாக்டரி. அக்கம்பக்கத்துப் பெண்களோடு அதைப் பார்க்கப் போன அம்மா, வந்ததும் வராததுமாக, "எலே, உங்கப்பா அங்கன இருக்காருல. ஃபாக்டரி ஆளுக எல்லாரும் நிக்கிற போட்டோவுல, கடேசி வரிசையில எடப்பக்கமிருந்து நாலாவது. நிக்கிற வாகுலயே தெரிஞ்சிருச்சு" என்றாள்.

மறுநாளே ஓடினேன். படம் உயரத்தில் தொங்கியது. கிட்டப் போக முடியாமல் குறுக்கே கயிறு. அரை இருட்டில் கடைசி வரிசை முகங்கள் துவரம்பருப்பு அளவுதான் இருந்தன. செல்போனில் எடுத்துப் பெரிதாக்கினால் அப்பா இருந்த இடத்தில் ஒரு தீற்றல். படத்தை இறக்கித் தரச் சொல்லிக் கேட்டேன். மேலே எழுதிப்போட்டு அனுமதி வர வேண்டுமாம், அது கல்யாணத்துக்குள் வராதாம். ஃபிளாஷ் கூடாது, ஸ்டாண்டும் கூடாது. "ஞான் எந்து செய்யான், சேட்டா?" என்று மலையாளிக் காவலர் கையை விரித்தார். அவரைத் திட்டியும் பிரயோஜனமில்லை.

எறணாகுளத்தில் ஒரு பழைய லென்ஸைப் பிடித்தேன். எண்பத்தைந்து எம்.எம்., ஒன்று புள்ளி எட்டு. வாயை அகலத் திறந்து, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சரியில்லை என்றால் திருப்பித் தரலாம் என்று பேச்சு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்குப் போனேன்.

தூணில் தோளைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி அமுக்கினேன். அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பவரின் மீசை மயிரை எண்ணலாம் போலிருந்தது. அப்பா மட்டும் கரைந்திருந்தார். கை ஆடியிருக்கும் என்று ஷட்டரை வேகமாக்கினேன். படம் மணல் மணலாக வந்தது, அப்பா அப்படியேதான் இருந்தார். லென்ஸின் ஓரம்தான் மோசம் என்று நினைத்து அவரைக் கேமராத் திரையின் நட்டநடுவில் வைத்து எடுத்தேன். இப்போது வரிசைக் கோடியில் நின்றவரின் காதுகூட, ஓரத்துக்குப் போயும் தெளிவாக விழுந்தது. லென்ஸைத் திட்ட வழியில்லாமல் போனது.

பிறகுதான் மண்டையில் உறைத்தது. அந்தப் படம் எடுத்த அன்று வெளியே மழையாயிருக்கும், அதனால் ஃபாக்டரிக்குள்ளேயே நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். இருட்டுக்காக அந்தக் கேமராக்காரர் ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கிறார். எல்லோரும் அசையாமல் நின்றார்கள், அப்பா அசைந்துவிட்டார். கல்யாண வீடுகளில் எத்தனை பேரை "ஆடாம நில்லுங்க" என்று அதட்டியிருக்கிறேன். இவரை அதட்ட முடியாது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேமராவின் திரையைக் காட்டினேன். அவள் அப்பாவை விட்டுவிட்டு முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மேனேஜரைப் பார்த்தாள்.

"தொர அப்பத்தான் வந்து உக்காந்திருப்பாரு. அவரக் கண்டா உங்கப்பாவுக்குத் தல தானா குனிஞ்சிரும்ல. தலத்துண்ட உருவியிருப்பாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். தலையிலிருந்து நெஞ்சுவரை வெள்ளையாக ஒரு கோடு இறங்கியிருந்தது. துண்டுதான். துரையின் முகமோ அத்தனை துல்லியம், கண்ணிமைகூடத் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. துரையும் இல்லை, அப்பாவும் இல்லை.

அம்மா முந்தானையால் திரையைத் துடைத்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"அந்தத் தொர போயி எம்புட்டோ வருசமாச்சு. இன்னொருக்கா எடுத்துப் பாருல. இப்ப நிமிந்திருப்பாரு."

நான் தூணில் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மறுபடியும் எடுத்தேன்.