சுண்ணாம்பு பிஸ்கட்

முதல் பாக்கெட்டை நானும் என் மாமியாரும் அடுப்படியில் நின்றபடியே பிரித்தோம். கோதுமை இல்லாத பிஸ்கட். சென்னையில் எங்கோ செய்து, பளபளவென்று அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். ரிஷிவந்தியத்தைத் தாண்டி எங்கள் ஊர் வரைக்கும் கூரியர்க்காரர் வரமாட்டார். கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்கு வரவழைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்திருந்தேன். மாமியார் ஒன்றை எடுத்து முகர்ந்தார். ஓரத்தைக் கடித்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? செவுத்து சுண்ணாம்ப சுரண்டி பிஸ்கோத்து பண்ணி வச்சிருக்கான்.”

நான் சிரித்தேன். சிரித்து நாளாகியிருந்தது.

எனக்குச் சிறு வயதிலிருந்தே மல்லாட்டை ஆகாது. வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை என்றால் புரியும். முந்திரி, பாதாமும் ஆகாது. ஒரே ஒரு பருப்பு உள்ளே போனால் போதும், உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சின்னசேலத்தில் என் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் இது பழகிப்போன விஷயம். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா முதலில் சொன்னதே இதைத்தான். மல்லாட்டை பயிர் வைக்கிற வீட்டுக்கு மல்லாட்டை ஆகாத மருமகளா என்று வந்தவர்கள் கேலி செய்தார்கள். என் மாமியார் மட்டும் செய்யவில்லை. கல்யாணமாகி நான் போன அன்றே ஒரு தூக்கில் நல்லெண்ணெய் ஊற்றித் தனியாக வைத்து, “இது உனுக்கு. உன் கொழம்புக்குத் தனிச் சட்டி” என்றார். சொந்தக் காட்டில் விளைந்து, செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெயைப் பற்றி அவருக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தத் தூக்கின் அருமையும் தெரியும்.

என் உடம்பு அத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்று வலி தொடங்கியது. வலி, உப்புசம், வாரத்தில் பாதி நாள் வயிற்றுப்போக்கு, தாலிக்கயிறு கழுத்தில் பெரிதாகத் தெரிகிற அளவுக்கு மெலிவு. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது எனக்குச் சேரவில்லை, துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிறது, ஆயுசுக்கும் தொடக் கூடாது என்றார்கள். “உங்க பக்கத்துல இது கம்மிம்மா. உங்களுக்குன்னு வந்திருக்கு” என்றார் டாக்டர், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

சோறு தின்கிற ஊர்தானே, கோதுமையை விடுவதில் என்ன கஷ்டம் என்று தைரியமாகத்தான் பஸ் ஏறினேன். பாதி வழி வருவதற்குள் எனக்கு நினைவுக்கு வந்தது சப்பாத்தி அல்ல, என் மாமனாரின் பொறை.

அவர் இறந்து அப்போது ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்தவரை தினமும் சாயங்காலம் பேக்கரியில் பொறை வாங்கிவருவார், டீயில் முக்கித் தின்கிற காய்ந்த மைதா ரொட்டி. மருமகளிடம் உட்கார்ந்து பேசுகிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. டீ வந்ததும் ஒரு பொறையை இரண்டாக உடைப்பார். ஒரு பாதியைத் தன் டம்ளரில் முக்குவார், இன்னொரு பாதியை என் பக்கம் நகர்த்துவார். ஏழு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

என் வீட்டுக்காரர் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். திங்கட்கிழமை வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தால் வெள்ளிக்கிழமைதான் இறங்குவார். நடுவில் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். மலையில் சிக்னல் கிடைக்கும் இடமாகத் தேடிப் போய் நின்றுகொண்டு, போனில் எனக்காகப் பாக்கெட் பாக்கெட்டாக ஆர்டர் போடுவார் மனிதர். அப்போதுதான் ஒன்று புரிந்தது. கோதுமையை எடுத்துவிட்ட இடத்தில் எல்லாம் கொட்டையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ரொட்டி வந்தது, பாதாம் மாவில். கேக் வந்தது, முந்திரி மாவில். நூடுல்ஸ் ஒன்று ஆசை காட்டியது. முன்பக்கம் குளூட்டன் இல்லை என்று கொட்டை எழுத்தில், பின்பக்கம் கடலை கலந்திருக்கக்கூடும் என்று எறும்பு எழுத்தில். பாதாம் ரொட்டியைப் படிக்காமல் ஒரு வாய் வைத்து, உதடு பூரி மாதிரி உப்பி, ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் படிக்காமல் எதையும் தொடுவதில்லை. டவுன் மில்லில் சாமை அரைத்துக்கொண்டு வந்தால் அதற்கும் வயிறு வலித்தது. எனக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருந்தார்கள்.

எல்லாவற்றிலும் தேறியது அந்தச் சுண்ணாம்பு பிஸ்கட் ஒன்றுதான். அரிசி மாவும் மரவள்ளி மாவும் சேர்த்துச் செய்தது. எங்கள் பக்கத்து மரவள்ளியே மாவாகிச் சென்னைக்குப் போய், படித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். டீயில் முக்கினால் அப்படியே கரைந்து அடியில் போய்விடும். ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட வேண்டும். ஆனாலும் சாயங்காலம் டீயோடு கடிக்க எனக்கென்று ஒன்று இருந்தது. மாமியார் தினமும் என் தட்டைப் பார்த்து, “ஐயோ பாவம்” என்பார்.

சேமியா, ரவை எல்லாம் வீட்டைவிட்டுப் போயிற்று. மாமியார் கரண்டி மாற்றினார், சல்லடை மாற்றினார். அப்படியும் எனக்கு வலி குறையவில்லை. வலி என்று நான் முனகினால் மாமியார் கையில் மோர் டம்ளரோடு வந்து நிற்பார். இஞ்சி தட்டி, கறிவேப்பிலை கிள்ளி, பெருங்காயம் கரைத்த மோர். “வாயுதாம்மா. குடி, எறங்கிடும்.” காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வலி ஜாஸ்தியான நாளில் மத்தியானமும் ஒன்று.

எனக்கு அப்போது வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. புகுந்த வீட்டில் பயமில்லாமல் கை நனைக்க வேண்டும், அவ்வளவுதான். கோதுமையை விட்ட புதிதில் வந்த மாமனார் படையலில் அது நடக்கவில்லை. அவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து இலையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அந்த இலைச் சோற்றை வீட்டு ஆட்கள் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். மல்லாட்டை எண்ணெயில் சுட்ட வடை, சேமியா பாயசம், நடுவில் பொறை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமனாரின் அக்கா, “செத்தவன் எலையில கை வைக்காத மருமவள இப்பதான் பாக்குறேன்” என்றார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு எதையும் மனசுக்குள் வைத்துப் பழக்கமில்லை. வைத்தால் புளித்துவிடும்.

அது ஒரு நாள் பொங்கி வெளியே வந்தது. சோற்றில் கை வைத்தபடி கேட்டுவிட்டேன். “அத்தை, எனக்குத் தெரியாம எதுனா கலக்குறீங்களா?”

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமியார் என் தட்டைப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். “உன் சோத்த நீயே ஆக்கிக்கோம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நானே ஆக்கினேன். என் சட்டி, என் கரண்டி. அப்படியும் வலித்தது. மாமியார் என்னோடு பேசவில்லை. ஆனால் மோர் மட்டும் நிற்கவில்லை. காலையிலும் ராத்திரியும் அடுப்புத் திண்டில் டம்ளர் மூடி வைத்திருக்கும். கோபத்திலும் வைத்தாரே என்று ஒவ்வொரு டம்ளரையும் துளி விடாமல் குடித்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்குப் பெருங்காயம் தீர்ந்துபோய்ப் புது டப்பாவைத் திறந்தேன். அடுத்தவர் விண்ணப்பங்களில் பொடி எழுத்தைப் படித்துப் படித்துச் சோறு தின்கிறவள் நான். பிஸ்கட், ரொட்டி, சாஸ் எதையும் விட்டுவைத்ததில்லை. பெருங்காயத்தைப் படித்துப் பார்க்கலாம் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றியதில்லை. அன்று கண் தானாகப் போயிற்று. பெருங்காயம், கோந்து, மைதா மாவு.

டப்பாவோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் ரசம், என் குழம்பு, எல்லாவற்றுக்கும் மேலே அந்த மோர்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் தாங்கமாட்டார். சொல்லாமல் இரண்டு நாள் மோரைக் கொண்டுபோய்ப் பின்னால் வாழைமரத்தடியில் ஊற்றினேன். மூன்றாவது நாள் நிமிர்ந்தால் கொல்லைக் கதவில் மாமியார் நிற்கிறார். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

“புடிக்கலன்னா சொல்லிட்டுப் போறது” என்றார்.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் டப்பாவைக் காட்டினேன்.

“எனுக்கு எங்க தெரியுது இந்த எழுத்து? நீ படி.”

படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த அரிசி மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார்.

“வலிக்குது வலிக்குதுன்னு நீ சொல்லச் சொல்ல நான் ஜாஸ்தியா போட்டுக்கினு இருந்தேனே.” டப்பாவை மூடித் தள்ளி வைத்தார். “எத்தினி டம்ளரு இருக்கும்?”

“அத்தை, உங்களப் போய் அப்பிடிக் கேட்டுட்டேன். தப்பு என்துதான்.”

“நீ கேட்டது இன்னா தப்பு? நான்தான கலக்கிக்கினு இருந்தேன்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். எனக்கு அவரைப் பிடிக்கும், என் அம்மாவைப் பிடிப்பதுபோலவே பிடிக்கும். அதை அந்த நிமிஷம் வரை நானே ஒப்புக்கொண்டதில்லை. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே, “வெறும் மோரு குடிக்கிறியா?” என்று கேட்டார். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மாதத்தில் வலி நின்றது. தை மாதம் மாமனார் படையல் வந்தது. அன்று காலையில் என்னை அடுப்படிக்குள் விடவில்லை. “போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வா” என்று துரத்தினார். வீட்டுக்காரரை மட்டும் கூட வைத்துக்கொண்டு குசுகுசுவென்று ஏதோ நடந்தது. குளித்துவிட்டு வந்தபோது வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசனை.

படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தது. வடையில் இஞ்சியும் மிளகும் மட்டும். சேமியாவுக்குப் பதில் சாமைப் பாயசம். தன்னிடம் படிக்கிற பிள்ளையின் வீட்டிலிருந்து வீட்டுக்காரர் முழுசாக வாங்கிவந்த சாமை, எந்த மில்லுக்கும் போகாதது. மல்லாட்டை பேருக்குக்கூட இல்லை. நான் இலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த இலையில் நான் தொடக்கூடாத பண்டம் ஒன்றுகூட இல்லை.

கடைசியாக மாமியார் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் பொறை வைக்கும் இடத்தில், என் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒரு சுண்ணாம்பு பிஸ்கட்டை வைத்தார். வீட்டுக்காரர் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். பாவம் அப்பா என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

மாமனாரின் அக்கா விடவில்லை. “பொறை எங்க? அது இல்லாம எந்தம்பி டீ குடிக்க மாட்டானே.”

“தெரியும் அண்ணி” என்றார் மாமியார், சூடத்தை ஏற்றிக்கொண்டே. “ஆனா அவரு தனியா துன்ன மாட்டாரே. பாதிய ஒடச்சி இவளுக்குக் குடுக்கணும் அவருக்கு. பொறைய வச்சா, பாதிய யாருகிட்ட குடுப்பாரு?”

கும்பிட்டு முடித்துக் காக்கைக்கு வைத்துவிட்டு வந்ததும் மாமியார் அந்த பிஸ்கட்டை எடுத்தார். சரிபாதியாக உடைக்கத்தான் பார்த்தார். அது எங்கே உடைகிறது, உதிர்ந்தது. ஒரு பாதியை டீ டம்ளருக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, மற்ற பாதியை என் உள்ளங்கையில் போட்டார்.

சுவர்ச் சுண்ணாம்பேதான். கையில் ஒட்டியிருந்த தூளையும் விடாமல் தின்றுவிட்டு, அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.