என் சட்டையில் வந்த வண்டாம்!

அரிசியில் வண்டு விழாமல் காப்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காக லேப்பில் வண்டு வளர்க்கிறேன். இதை மலேசியாவில் எங்கள் கிள்ளான் ஊர் மளிகைக் கடைக்காரரிடம் சொன்ன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்று அவரிடம் வாங்கிய அரிசிப் பையை அவர் கண்ணெதிரிலேயே பிரித்தேன். உள்ளே வண்டு ஊர்ந்தது.

வாய் கூசாமல் சொல்கிறார்: "நீங்கதானே வண்டு வளர்க்கிறீங்க! உங்க சட்டையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும் லா."

"அண்ணே, பையை இப்பதானே பிரிச்சேன்?"

"அது பையையே ஓட்டை போடும்னு நீங்கதானே சொன்னீங்க!"

பின்னால் நின்ற ஆன்டி என் சட்டையைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

அந்த அரிசியை என் வண்டுகளுக்குக்கூடப் போட முடியாது. ஏற்கெனவே அதில் வேறொரு குடும்பம் குடித்தனம் நடத்துகிறது.

வேறு நல்ல கடை இருந்தால் சொல்லுங்கள். இந்த முறை என்ன வேலை என்று கேட்டால், டீச்சர் என்று சொல்லிவிடுகிறேன்.